அந்த ஜன்னல் வழியா வந்த கரண்டுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் வீடு வந்தேன், தூங்கி எழுந்து எழுதினா ஒழுங்கா வரும், ஆனா இந்த சூடு ஆறிடும்னு இப்பவே டைப் பண்றேன். மொதல்ல பேசி வச்ச இடம் இல்லன்னு வியாழக்கெழம போன் வந்ததுக்கப்பறம் நான் குரூப்ல புலம்பின புலம்பல் உங்களுக்கே மனப்பாடமா இருக்கும், அத விடுங்க. படம் ஓடிச்சு. நியூயார்க்ல கறுப்பின மக்களோட ஏரியாவான ஹார்லெம்ல, ஒரு பில்டிங்குக்குப் பின்னாடி முத்தத்துல, ஒரு வெள்ள பெட்ஷீட்ல, 'சம்மர் ஆஃப் சோல்'ங்கற டாக்குமெண்டரி முழுசா ஓடிச்சு.

ஜெர்சிலேர்ந்து ரெண்டு கார்ல நாற்காலி ஏத்திட்டு வந்த பசங்க, படம் போட அனுமதி குடுக்கற லைசென்ஸ் லெட்டர்ல ஒரே நாள்ல இடத்த மாத்தி வாங்கிக் குடுத்தவங்க, ஸ்பீக்கர், பாப்கார்ன், கொசுவத்தி எல்லாத்துக்கும் நன்றி. பேர் போட்டா யாராவது விட்டுப்போயிடும், அப்பறம் அதுக்கு ஒரு பஞ்சாயத்து.

ஆனா ஒருத்தங்கள பத்தி சொல்லியே ஆகணும். எட்டு மணி வாக்குல எல்லாம் மாட்டியாச்சு, முத்தத்துல இருந்த பிளக் பாயிண்ட்ல உயிரே இல்ல. ஊர்ல திருவிழான்னா பக்கத்து வீட்லேர்ந்து உரிமையா ஒயர் இழுத்துடுவோம், இங்க நான் யார் கதவ போய் தட்றது? அப்பதான் கீழ் வீட்டு ஜன்னல் தெறந்துச்சு. எழுபது தாண்டின ஒரு அம்மா. எவ்ளோ நேரம்னு மட்டும் கேட்டாங்க, ரெண்டு மணி நேரம்னேன், பதில் ஒண்ணும் சொல்லாம உள்ள போய் ஒரு ஆரஞ்சு கலர் எக்ஸ்டென்ஷன் ஒயர ஜன்னல் வழியா எறக்கி விட்டாங்க.

பாதி படத்துலதான் கவனிச்சேன், அவங்க வீட்டு ஏசி ஓடல. பழைய பில்டிங், ஏசியும் புரொஜெக்டரும் ஒரே லைன்ல போட்டா ஃபியூஸ் போயிடும்னு அவங்களாவே நிறுத்திட்டாங்க. ஜூலை மாசம்ங்க. மடிச்ச பேப்பரால விசிறிக்கிட்டு ஜன்னல்லயே உக்காந்திருந்தாங்க.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா திரையில ஓடறதும் இதே கததான். 1969ல இதே ஹார்லெம்ல, மவுண்ட் மோரிஸ் பார்க்ல (இப்ப மார்கஸ் கார்வி பார்க்), ஆறு ஞாயித்துக்கெழம நடந்த இசை விழா, ஸ்டீவி வொண்டர், நீனா சிமோன், மஹாலியா ஜாக்சன்னு வராத ஆள் இல்ல, ஆனா லைட்டுக்குக் காசில்ல, அதனால வெயில் விழட்டும்னு மேடைய மேக்கால பாத்துப் போட்டாங்க. ஹால் டுல்ச்சின்ங்கற டிவி டைரக்டர் 40 மணி நேரம் மாதிரி ஷூட் பண்ணினார், வாங்க ஆளில்லாம அம்பது வருஷம் பேஸ்மெண்ட்ல கெடந்துச்சு. மியூசிஷியன் குவெஸ்ட்லவ் கைக்கு வந்து, அவர் டைரக்ஷன்ல படமாகி 2022ல ஆஸ்கர் வாங்கினப்ப டுல்ச்சின் உயிரோட இல்ல. 'ஐஸ் ஆன் த ப்ரைஸ்' கதையும் அப்படித்தான், கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டத்த பத்தி 1987ல வந்து அமெரிக்காவே உக்காந்து பாத்த டாக்குமெண்டரி சீரிஸ், உள்ள இருக்கற பாட்டு, க்ளிப்புக்கெல்லாம் ரைட்ஸ் காலாவதியாகி வருஷக்கணக்குல டிவில போட முடியாமப் போச்சு, 2006ல திரும்பி வந்தப்ப அத எடுத்த ஹென்றி ஹாம்ப்டன் செத்து எட்டு வருஷம் ஆயிடுச்சு.

படம் முடிஞ்சு ஒயர சுத்திக்கிட்டே, அந்த விழாவுக்கு நீங்க போயிருக்கீங்களான்னு அவங்கள கேட்டேன். போயிருக்காங்க! அண்ணன் கூட. பாட்டெல்லாம் ஞாபகமில்லயாம், வெயிலும் நெரிசலும்தானாம். இவ்ளோ நேரமும் அவங்க மேடைய பாக்கவே இல்ல, கூட்டத்தத்தான் பாத்திருக்காங்க. மஞ்ச சட்ட போட்டிருந்தான், இப்ப இல்ல அவன், எங்கயாவது ஒரு ஓரத்துலயாச்சும் தெரிவானான்னு பாத்தேன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவங்களே, "40 மணி நேரம் எடுத்தாங்கன்னு சொன்னியே, இது ரெண்டு மணி நேரந்தான? மிச்சத்துல இருப்பான்"னு சொல்லிட்டு ஏசிய போட்டாங்க.

ஹார்லெம்காரங்களுக்கே ஹார்லெம காட்றேன்னு கொஞ்சம் மெதப்புலதான் இருந்தேன் போல, அது எறங்கிடுச்சு. அடுத்த மாசமும் கண்டிப்பா போடுவோம், ஆனா நல்ல பேட்டரி ஒண்ணு வாங்கிட்டுத்தான்.

அவசரத்துல அந்த ஆரஞ்சு ஒயர் என் பையிலயே வந்துடுச்சு. சாயங்காலம் குடுக்கப் போறேன், அப்படியே அண்ணன் போட்டோ ஏதாவது இருக்கான்னும் கேக்கணும்.