திரைச்சீலைத் துணிகளில் நார் விபரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு அறைகளை அலங்கரிப்போர் நிறத்தையும் பூவேலைப்பாட்டையும் மட்டும் பார்த்துத் துணி தெரிவுசெய்வதால், புறக்கோட்டைப் புடவைக் கடைகளில் சுருளாக விற்கப்படும் திரைச்சீலைத் துணி பருத்தியா, பொலியெஸ்டரா, இரண்டும் கலந்ததா என்ற விபரம் பல இடங்களில் இல்லாதிருப்பதை எவரும் கேட்பதில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரத் தொடர்மாடிகளில் இவ்விபரம் மிக முக்கியமானது. ஈரப்பதன் மிகுந்த இவ்விடங்களில் தடித்த வெல்வெட் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சணம் படர இடந்தருகிறது. பருத்தி காற்றோட்டத்துக்கு உகந்ததெனினும் முதற் சலவையிலேயே சுருங்கக்கூடியதாகையால், தைப்பதற்கு முன்னர் நனைத்து உலர்த்துவதோ, கீழ்மடிப்பில் நான்கு விரல் துணியைக் கூடுதலாக விடுவதோ அவசியம். மேற்கு நோக்கிய யன்னல்களில் சாயம் வெளிறாதிருக்க வெள்ளை உட்துணி வைத்துத் தைப்பது நல்லது. யன்னல் அகலத்தின் இருமடங்கு துணி இல்லாவிடின் மடிப்புகள் அழகாய் விழா. செலவைக் குறைக்க விரும்புவோர் விலை குறைந்த துணியை வாங்கலாமே தவிர, அளவைக் குறைக்கலாகாது. வளையங்களும் கொக்கிகளும் துருப்பிடிக்காத உருக்கில் அமையட்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு விடும் கறை துணியை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

மருதமுனைக் கைத்தறித் துணிகள் குஷன் உறைகளுக்கும் மேசை விரிப்புகளுக்கும் வெகு பொருத்தமாயிருந்தும் நம்மவர் பலர் அவற்றை நாடாதது எனக்கு வருத்தம் தருகிறது.

நார் விபரத்தையும் சலவை முறையையும் ஒவ்வொரு சுருளிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுமாறு வர்த்தகர்களையும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கான பணிப்புரையை வெளியிடுமாறு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.