கல்லாகிப் போனதைக் குப்பையில் போடாதே, பிள்ளை

அன்புள்ள பிள்ளை,

நேற்றிரவு நீ போனில் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "பெரியம்மா, எல்லாம் கல்லு மாதிரி வந்திட்டுது. தட்டோட குப்பைக்குள்ள கொட்டிட்டன்." பின்னால் சின்னவன் அழுதுகொண்டிருந்தான், நீயும் களைத்திருந்தாய். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். இரவு முழுக்க அதே நினைப்பு. ஜெர்மன்காரர் நத்தாருக்குத் தேனும் வாசனைத்தூளும் போட்டுச் சுடும் பலகாரம்தானே லேப்கூகன்; நீ கொட்டியவை நல்ல லேப்கூகன்கள்தான், பிள்ளை. இன்னும் பத்து நாள் ஒரு பேணிக்குள் கிடந்திருந்தால் வாயில் வைத்ததும் கரைந்திருக்கும்.

இந்த நாட்டுக்கு வந்து முதல் நத்தாருக்கு ஆசையாகச் சுட்டு, ஒரு கடி கடித்துப் பார்த்து மனம் விட்டுப்போன பிள்ளைகள் உன்னைப்போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

நமக்கு முறுக்கென்றால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்து ஆறிய உடனேயே பதம் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நீ லேப்கூகனையும் பார்த்திருக்கிறாய். ஆனால் நம் ஊரில் வேதக்கார வீடுகளில் நத்தார் கேக் செய்வதை நினைத்துப் பார். ரவையும் கஜுவும் பூசணி அல்வாவும் போட்டுச் சுட்டு, தாளில் சுற்றி, வாரக்கணக்கில் பெட்டிக்குள் வைப்பார்கள். சுட்ட அன்றே வெட்டித் தின்றால் அதன் ருசியில் பாதிதான் வரும். தேன் போட்ட லேப்கூகனும் அந்த வகை.

ஓவனிலிருந்து வெளியே வந்து ஆறும்போது அது இறுகும். பிறகு மெல்ல மெல்ல இளகும். தேனுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. பேணிக்குள் ஒரு துண்டு அப்பிளை வைத்தால் அந்த ஈரத்தைத் தேன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் விரலால் அமுக்கினால் உள்ளே போகும். இவ்வளவுதான் விஷயம். இது எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

நான் ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். அப்போது நாங்கள் இருந்த கட்டடத்தில் எங்களுக்கு மேலே ஒரு ஓமா, வயதான ஜெர்மன் அம்மா, தனியாக இருந்தார். நவம்பர் மாதத்தில் ஒரு நாள் படியில் வைத்துக் கையில் ஒரு லேப்கூகனைத் தந்தார். நான் அங்கேயே கடிக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, கட்டைவிரலை அதன் நடுவில் வைத்து அமுக்கிக் காட்டினார். அசையவில்லை. வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு தகரப் பேணியை இறக்கித் திறந்தார். மூடியைத் தூக்கியதும் வந்த மணம் எனக்கு அப்படியே கறுவாவும் கராம்பும் ஏலமும். உள்ளே பேக்கிங் தாள், அதன் மேல் லேப்கூகன் வரிசை, மறுபடி தாள், எல்லாவற்றுக்கும் மேலே வாடிச் சுருங்கிய கால் அப்பிள். அந்தப் பழத்துண்டை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டி வைத்தார். பேணியிலிருந்த ஒன்றை என் விரலால் அமுக்கச் சொன்னார். அது ஒக்டோபரில் சுட்டதாம். பாண் மாதிரி உள்ளே போனது. என் ஜெர்மன் அப்போது பத்துச் சொல்லுக்கு மேல் இல்லை. அவருக்கும் விளக்கிச் சொல்லும் பழக்கம் இல்லை. அந்தக் கட்டைவிரல் போதுமாக இருந்தது.

சரி, உன் மாவுக்கு வருவோம். நீ அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்துவிட்டு உடனே சுட்டதாகச் சொன்னாய். அங்கேதான் முதல் பிழை. பட்டர் பிஸ்கட்டுக்கு அரை மணித்தியாலம் போதும். தேன் மாவுக்குக் குறைந்தது ஓர் இரவு வேண்டும், ஒரு வாரம் என்றால் நல்லது. இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் தேனையும் மாவையும் மட்டும் குழைத்துக் குளிரான அறையில் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். சக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1558இல் அந்த ஊர்க்காரருக்கு இதைச் சுட உரிமை கிடைத்தது. இன்றைக்கும் அந்த ஊரின் பெயரே இதனால்தான் தெரியும். அங்கே இப்போதும் மாவை அப்படித்தான் ஊறவிடுகிறார்கள்.

இவ்வளவு நாள் வைப்பதற்குக் காரணம் பொட்டாஷ. நீ கடையில் வாங்கிய அந்தச் சின்னப் பக்கெட்டைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மரச்சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்துக் காய்ச்சி எடுத்தார்கள். புளிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். தேன் மாவு கிடக்கக் கிடக்க உள்ளே மெல்லிய புளிப்பு ஏறும், நம் தோசை மா இரவில் புளிப்பதுபோல, ஆனால் மிக மெதுவாக. அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் பொட்டாஷ காற்றை விட்டு மாவை உப்ப வைக்கும். ஊறாத மாவில் போட்டால் பாதி வேலைதான் நடக்கும். உன்னுடையது தட்டையாக, இறுக்கமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கெட்டும் கடையில் பார்த்திருப்பாய், ஹிர்ஷ்ஹோர்ன்சால்ஸ். மான் கொம்பு உப்பு என்று அர்த்தம், ஒரு காலத்தில் உண்மையிலேயே கொம்பிலிருந்துதான் எடுத்தார்கள். பொட்டாஷ மாவை அகலமாக விரிக்கும், இது மேலே தூக்கும். சூடு பட்டதும் அமோனியாவாகப் பறந்துவிடும். அதனால் மெல்லிசான பலகாரத்துக்கு மட்டும்தான் போட வேண்டும், தடித்த கேக்கில் அந்த மணம் உள்ளேயே நின்றுவிடும். ஓவனைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள், கண்ணைக் கரிக்கும். இந்த இரண்டில் எதைப் போட்டாலும் பச்சை மாவைச் சின்னவனுக்கு நக்கக் கொடுக்காதே.

அளவு இதுதான். 250 கிராம் தேன், 125 கிராம் சீனி, 50 கிராம் பட்டர். மூன்றையும் மெல்லிய நெருப்பில் சீனி கரையும் வரை சூடாக்கு, கொதிக்க விடாதே. கைச்சூட்டுக்கு ஆறியதும் 500 கிராம் கோதுமை மாவில் ஊற்றி மரக்கரண்டியால் கிளறு. கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மா போட்டுவிடாதே, நீ நிச்சயம் போட்டிருப்பாய், எல்லோரும் போடுவோம். ஆறி ஊறிய பிறகு அதுவே கெட்டியாகும். முட்டையை இப்போது உடைத்து ஊற்றாதே, நாள்பட வைக்கிற மாவுக்கு அது ஆகாது. மூடிக் குளிரான இடத்தில் வை. சுடுகிற அன்று மாவை வெளியே எடுத்து இளகவிட்டு, ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி கொக்கோ, வாசனைத்தூள், ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்த 5 கிராம் பொட்டாஷ எல்லாவற்றையும் போட்டு நன்றாகப் பிசை. கை நோகும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டி வெட்டி, 180 பாகையில் 12 நிமிடம்.

அப்புறம் இரண்டாவது பிழை. "நடுவிலே இன்னும் மெத்தென்று இருந்தது, அதனால் இன்னும் பத்து நிமிடம் விட்டேன்" என்றாய். நடுவில் மெத்தென்று இருக்கும்போதுதான் வெளியே எடுக்க வேண்டும். ஆறும்போது அது தானாக இறுகும். தட்டிப் பார்த்து ஓசை வரும்வரை விட்டால் உள்ளே இருந்த ஈரமும் போய்விடும், பிறகு அப்பிள் மூன்று வாரம் பாடுபட வேண்டியிருக்கும்.

இனி வாசனைத்தூள். எனக்கு இதைப் பற்றி எழுதத்தான் ஆசை. கடையில் கலந்து விற்பதை வாங்காதே. ஒன்பது சரக்கு என்று இங்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நான் அரைப்பது இப்படி: கறுவா நாலு தேக்கரண்டி, கராம்பு ஒன்று, கொத்தமல்லி ஒன்று, ஏலம் அரை, இஞ்சித்தூள் அரை, பிமென்ட் (ஒல்ஸ்பைஸ்) அரை, அனிஸ் அரை, சாதிக்காய் கால், வசுவாசி கால். 500 கிராம் மாவுக்கு இதில் மூன்று தேக்கரண்டி போதும். பிமென்டையும் அனிஸையும் தவிர எல்லாம் நம் வீட்டு அடுக்களையில் கண்ட சாமான்தான். அதனால்தான் ஓர் எச்சரிக்கை: வறுக்காதே. கொத்தமல்லியைக் கண்டதும் நம் கை சட்டியைத் தேடும், யாழ்ப்பாணத் தூள் வறுத்து வளர்ந்த கை. வறுத்தால் கறி மணம் வந்துவிடும். பச்சையாக அரைத்தால் கொத்தமல்லியில் தோடம்பழத் தோல் மாதிரி ஒரு வாசம் வரும், அதுதான் இங்கே வேண்டும். மிளகாய் அரைத்த கிரைண்டரிலும் போடாதே. எவ்வளவு கழுவினாலும் உறைப்பு நிற்கும்.

கறுவாவில் கஞ்சத்தனம் பார்க்காதே. இங்கே மலிவாக விற்கும் தூள் பெரும்பாலும் கசியா, சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவது. அதில் கூமரின் என்ற ஒன்று கூடுதலாக இருக்கும், அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்குக் கூடாது. 2006இல் நத்தார் நேரத்தில் இந்த நாட்டில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. கறுவா நட்சத்திரம், சிம்ட்ஷ்டெர்ன என்று சொல்வார்களே, அதைக் குழந்தைகள் அளவோடு தின்ன வேண்டும் என்று எச்சரித்தார்கள். இப்போது நத்தார் காலத்துக் கறுவாப் பலகாரத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூமரின்தான் இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமே உண்டு. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகமிகக் குறைவு. பட்டையாக வாங்கினால் ஏமாறமாட்டாய்: நம்முடையது சுருட்டு மாதிரி மெல்லிய தாள் தாளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். கசியா ஒரே தடித்த பட்டை, சுத்தியல் வேண்டும். காலி, மாத்தறைப் பக்கத்தில் உரித்த பட்டை ஜெர்மன் நத்தாருக்கு இவ்வளவு முக்கியம் என்று தெரிந்த நாள் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

நீ நூர்ன்பெர்க்கில் இருக்கிறாய், அது உனக்குப் பெரிய அதிர்ஷ்டம். அந்த நகரத்தைச் சுற்றியிருந்த காட்டில் தேன் எடுப்பதற்கென்றே உரிமை பெற்ற ஆட்கள் இருந்தார்கள். வெனிஸிலிருந்து வந்த வாசனைச் சரக்கும் அந்த நகரத்து வியாபாரிகள் கையில்தான் சேர்ந்தது. தேனும் சரக்கும் ஒரே ஊரில் சந்தித்ததால் இது அங்கே வளர்ந்தது. 1643இல் லேப்கூகன் சுடுகிறவர்களுக்குத் தனிச் சங்கமே வந்தது. 1996இலிருந்து நகர எல்லைக்குள் சுட்டதைத்தான் நூர்ன்பெர்க் லேப்கூகன் என்று விற்கலாம். கடைக்குப் போனால் எலீசன்லேப்கூகன் என்று எழுதியதை ஒரு முறையாவது வாங்கு. அதில் கால்வாசியாவது பாதாம், ஹேசல்நட், வால்நட் இருக்க வேண்டும், மா பத்து வீதத்துக்கு மேல் கூடாது. மெல்லிய ஒப்லாட்டன் அப்பளத்தின் மேல் வைத்துச் சுடுவார்கள், கோயிலில் நற்கருணைக்குக் கொடுக்கும் அப்பம் மாதிரி. அதில் மா மிகக் குறைவு என்பதால் இறுகாது, சுட்ட கையோடு தின்னலாம். உனக்குப் பொறுமை இல்லாத வருடத்தில் அதைச் செய்.

காத்திருப்பது லேப்கூகனுக்கு மட்டும் என்று நினைக்காதே. ஷ்வாபியாவில் ஷ்பிரிங்கர்ல என்று ஒன்று, மர அச்சில் மாவை அழுத்திப் படம் எடுத்து, சுடுவதற்கு முன் ஒரு முழு நாள் காயவிடுவார்கள். மேல் தோல் காய்ந்தால்தான் ஓவனில் படம் கலையாமல் அடி மட்டும் எழும்பும். எங்கள் பக்கத்தில் சுடும் ஸ்பெக்குலாட்சியுஸ் பிஸ்கட்கூட மர அச்சில்தான், ஏலமும் கராம்பும் தூக்கலாக.

இனி ஒருபோதும் இறுகியதைக் கொட்டாதே. அப்பிளுக்கும் மசியாத துண்டுகளை நொறுக்கிப் போத்தலில் போட்டு வை. ரைன்லாந்துக்காரர் புளிக்க ஊறவைத்த மாட்டிறைச்சிக் குழம்பைக் கெட்டியாக்குவதே இதை நொறுக்கிப் போட்டுத்தான். ஆகன் நகரத்தில் பிரின்டன் என்று இதன் உறவுக்காரி ஒன்று இருக்கிறது, கல் போலவே விற்பார்கள், கோப்பியில் தோய்த்துத் தின்பார்கள்.

நத்தாருக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை மாவைக் குழைத்தால் அடுத்த சனிக்கிழமை சுடலாம். பேணிக்குள் பத்து நாளுக்கு மேல் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அப்பிளை மாற்று, மறந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிம்ட்ஷ்டெர்னை வேறு பேணியில் வை, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றின் மணம் மற்றதில் ஏறும்.

அந்த ஓமா போய் பல வருடமாகிறது. வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய மகள் பேணியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதைத்தான் இன்று காலை உனக்குத் தபாலில் போட்டிருக்கிறேன், உள்ளே அரைத்த தூளும் ஒரு கட்டுக் கறுவாவும் இருக்கிறது. மூடி ஒரு மூலையில் சரியாக இறுகாது. அந்த இடத்தில் பேக்கிங் தாளை இரண்டாக மடித்து வைத்து அழுத்து, மூடிக்கொள்ளும். சனிக்கிழமை தேன் ஆறுகிற நேரத்தில் எனக்கு எடு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா