சர்க்கரை மாத்திரையோடு கண்ணையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை தவறியதில்லை. ஆனால் கண்ணைப் பாருங்கள் என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. 'பேப்பர் நல்லா வாசிக்கிறேனே' என்பார். போன மாதம் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது விழித்திரையில் இரத்தக் கசிவு. பார்வை தெளிவாக இருக்கும்போதே பாதிப்பு தொடங்கிவிடும், அதனால்தான் வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறோம் என்றார் அவர். இரண்டாம் வகை சர்க்கரை என்றால், நோய் தெரிந்த உடனேயே முதல் சோதனை செய்துவிட வேண்டுமாம்.

சரி, எங்கே போவது? பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும்.

விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் எடுத்து அனுப்பினால், மருத்துவர் வேறு ஊரில் இருந்தே பார்த்துச் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை வாங்க வரும் நாளிலேயே இதையும் வைக்கலாமே. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்கள், 'கடைசியாகக் கண் பார்த்தது எப்போது?' என்று கேட்டு அட்டையில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

அம்மாவுக்கு அடுத்த வாரம் லேசர் சிகிச்சை. இருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான் அது என்று சொல்லியிருக்கிறார்கள்.

– ஒரு வாசகர், திருவட்டாறு