மொட்டை மாடியில் ஓர் இரவு, அப்புறம் மலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிப்போய் எங்காவது டென்ட் போட்டுத் தங்க வேண்டும் என்ற ஆசை இப்போது வடசென்னை வீடுகளிலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏலகிரி, ஜவ்வாது மலை, கொல்லிமலை என்று கிளம்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் வாங்கிய டென்ட்டைப் பையை விட்டு வெளியே எடுக்காமலே வண்டியில் ஏற்றி, மலையில் போய் இருட்டில் முதல் தடவையாகப் பிரிக்கிற குடும்பம் படாத பாடு படும். எந்தக் கம்பி எந்த ஓட்டையில் நுழையும் என்று அப்பா தடவிக்கொண்டிருப்பார், சின்னது பசியில் அழும், கொசு பிடுங்கும். வீடு திரும்பியதும் டென்ட் பரணுக்குப் போய்விடும். அதனால் முதல் இரவை மலையில் வைக்காதீர்கள், மொட்டை மாடியில் வையுங்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோடையில் மாடியில் பாய் விரித்துப் படுப்பது வியாசர்பாடிக்கும் தண்டையார்பேட்டைக்கும் புதிதில்லை. அதையே மழை விட்டதும் ஒரு சனிக்கிழமை டென்ட்டோடு செய்தால் போதும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடி ஏறுங்கள். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது என்பதால், டென்ட்டுக்குள் நாலு மூலையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை முதலில் வைத்துவிட வேண்டும். கடற்காற்று அடிக்கிற ஊர் இது, காலி டென்ட் பட்டம் மாதிரி எழும்பிவிடும். வெளிக் கயிறுகளை நிரம்பிய 20 லிட்டர் கேனின் கழுத்திலோ செங்கல் அடுக்கிலோ கட்டலாம். கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறு அடியாவது தள்ளிப் போடுங்கள். வாசல் மாடிப்படியைப் பார்த்து இருக்கட்டும், சுவரைப் பார்த்து வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளை, வாசல் காட்டுகிற திசையில்தான் நடக்கும். கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கீழே இருந்தால் அந்த மாடி வேண்டவே வேண்டாம். மின்கம்பி தாழ்வாகப் போகிற மாடியும் அப்படித்தான்.

பிறகு கீழே இறங்கி வரக்கூடாது. சாப்பாடு, பல் தேய்ப்பது, படுக்கை எல்லாம் மேலேயே. ஏதாவது எடுக்கக் கீழே ஓட வேண்டியிருந்தால், ஓடுவதற்கு முன் அதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். காலையில் அந்தத் தாள்தான் மலைக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களின் சரியான பட்டியல். எந்த ஜிப் சிக்குகிறது, எந்தப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படுகிறது, யாருக்குத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்பதெல்லாம் அதில் வந்துவிடும்.

விடிந்ததும் டென்ட்டின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். டென்ட் ஒழுகுகிறது என்று நினைத்துப் பலர் கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறார்கள். அது பனியும் இல்லை, ஒழுக்கும் இல்லை. உள்ளே படுத்தவர்கள் விட்ட மூச்சு குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடினால் இது அதிகமாகும். எதிரெதிராக இரண்டு காற்றுத் துவாரங்களை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாங்கும்போதே ஒற்றைத் துணி டென்ட்டைத் தவிர்த்து, உள்ளே வலைக்கூடும் மேலே தனி மழை உறையும் உள்ளதாகப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். உறை வலையில் ஒட்டிக்கொண்டால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். கயிறுகளை இழுத்துக் கட்டுவது அதற்காகத்தான். அட்டையில் ‘4 பேர்’ என்று போட்டிருந்தால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நாலு பேர் என்று அர்த்தம். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் ‘6 பேர்’ டென்ட் வாங்குங்கள்.

டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாயில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பாரிமுனையில் பெரிதாக ஒன்று வாங்கி, டென்ட்டைச் சுற்றி ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும்படி விரிப்பார்கள். பார்க்கத் திண்ணை போல அழகாக இருக்கும், பிள்ளைகள் செருப்பு விடவும் வசதி. மழை வந்ததும், மேல் உறையிலிருந்து வழிகிற தண்ணீர் நீட்டியிருக்கிற தார்ப்பாயில் விழுந்து, அங்கிருந்து நேராக டென்ட்டுக்கு அடியில் ஓடிவிடும். இரவு இரண்டு மணிக்குப் படுக்கை நனையும். தார்ப்பாய் டென்ட் தரையைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை அடிப்பக்கமாக மடித்துவிடுங்கள். செருப்பு விட வாசலில் தனியாக ஒரு சாக்கு போட்டால் போதும்.

மலையில் முளை அடிக்கும்போது அதன் தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்தால் காற்று இழுக்கிற இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். டென்ட்டோடு கொடுக்கிற மெல்லிய முளைகள் கல் தரையில் வளைந்துபோகும். இரும்புக் கடையில் ஓரடி நீளக் கம்பியைத் தலைப்பக்கம் வளைத்து வாங்கிக்கொள்ளலாம். மணல் என்றால் முளை நிற்காது. அரிசிப் பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் புதைத்துவிட்டால் அசையாது. காசிமேட்டுப் பக்கம் வலைக்கடைகளில் கிடைக்கும் 4 மி.மீ. நைலான் கயிறு இதற்கு நன்றாக உழைக்கும். கயிறு ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் இருட்டில் தடுக்கி விழுவது அந்தக் கயிறுகளில்தான்.

குளிரைப் பற்றி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். ஏலகிரி அந்த உயரம்தான். டிசம்பர், ஜனவரி இரவில் சென்னைப் பிள்ளைக்கு அது நல்ல குளிர். அம்மாக்கள் மேலே போர்த்துவதற்கு மூன்று கம்பளி எடுத்து வருவார்கள், கீழே ஒரு ஜமுக்காளம் மட்டும் போடுவார்கள். குளிர் வருவது கீழேயிருந்து. உடம்பு அழுத்தும் இடத்தில் துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் நசுங்கி, தரை சூட்டை உறிஞ்சிவிடும். சின்னப் பிள்ளை இருக்கிற பல வீடுகளில் ஒன்றோடொன்று கோத்து விரிக்கும் ரப்பர் நுரைச் சதுரங்கள் இருக்கும், எழுத்தும் எண்ணும் போட்டது. இரண்டடிக்கு இரண்டடி அளவில் 12 சதுரம் இருந்தால் ஆறுக்கு எட்டடி இடம் முழுக்க மூடும். அதன் மேல் கோரைப்பாய், அதற்கும் மேல் ஜமுக்காளம். படுப்பதற்கு முன் பிள்ளையின் உடுப்பை முழுவதும் மாற்றுங்கள், உள்ளாடை உட்பட. விளையாடி வியர்த்த பனியனோடு படுத்த பிள்ளை நடு இரவில் நடுங்கும். காலுறையும் குல்லாவும் போட்டுவிட்டால் பாதிக் குளிர் போய்விடும். தலை மேட்டுப்பக்கம், கால் பள்ளத்துப்பக்கம். பிள்ளைகளைப் பெரியவர்களுக்கு நடுவில் படுக்க வையுங்கள். ஓரத்தில் படுத்தால் துணிச் சுவரின் ஈரமெல்லாம் அவர்கள் போர்வையில்தான் ஏறும்.

சின்னப் பிள்ளைகளைப் பாதி இரவில் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மூடியுள்ள சின்ன வாளி ஒன்றை, வாசல் பக்கம் வெளி உறைக்கும் உள்கூட்டுக்கும் நடுவிலுள்ள அகலமான இடத்தில் வைத்தால் போதும். அதை மாடியிலேயே பழக்கிவிட வேண்டும்; புது இடத்தில் புது வாளியில் பிள்ளைக்குச் சிறுநீர் வராது.

முதல் நாள் இரவுக்குச் சமைக்காதீர்கள். காலையில் கிளறிய புளிசாதம் இரவுவரை தாங்கும். சாதம் உதிரியாக வெந்து முழுக்க ஆறியிருக்க வேண்டும், நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும். பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியும் அப்படித்தான். தேங்காய்ச் சட்னியைத் தொடவே வேண்டாம். தயிர்சாதத்துக்குப் பால் நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்தால் மதியத்துக்குள் புளிக்காது. மறுநாள் காலைக்கு உப்புமா மாவை வீட்டிலேயே தயார் செய்துவிடலாம். நாலு பேருக்கு இரண்டு டம்ளர் ரவை. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ரவையைப் போட்டு வாசம் வர வறுத்து, உப்பையும் சேர்த்துவிடுங்கள். கறிவேப்பிலை நொறுங்குகிற அளவுக்கு வறுபட வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருக்கும் ஈரத்தில் மாவு கெட்டுவிடும். வெங்காயம் கூடாது. நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவை மூட வேண்டும். அங்கே போய் ஐந்து டம்ளர் தண்ணீர் கொதித்ததும் தூவிக் கிளறி, சின்னத் தீயில் ஐந்து நிமிடம் மூடி வைத்தால் ஆயிற்று.

கையடக்க கேஸ் அடுப்பு நல்ல வசதி, ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. அடுப்பைவிட அகலமான தோசைக்கல்லையோ அண்டாவையோ வைத்தால், அதன் சூடு பக்கத்தில் படுத்திருக்கிற கேஸ் டப்பாவின் மேல் இறங்கும். டப்பா சூடேறினால் வெடிக்கும். அடுப்பின் அகலத்துக்கு மேல் பாத்திரம் வைக்கவே கூடாது, காற்றை மறைக்கிறேன் என்று சுற்றிலும் தகரம் வைத்து அடைக்கவும் கூடாது. டென்ட்டுக்குள் அடுப்பு, மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் வேண்டாம். நைலான் துணி ஒரு பொறியில் உருகிப் பிடித்துக்கொள்ளும், மூடிய இடத்துப் புகை பிள்ளைகளுக்கு விஷம். கொசுவுக்கு வலைக்கதவும் கை கால்களில் தடவுகிற பூச்சும் போதும். ஏலகிரிக்காகச் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போகிறவர்கள் கேஸ் எடுத்துப்போகவே கூடாது, ரயில்வே சட்டப்படி குற்றம். சாப்பாடு தருகிற முகாமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு நமக்கு எளிது: நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க, கை கழுவ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன். குழாயோ பம்போ மாட்டிக்கொண்டு போங்கள். கேனைச் சாய்த்து ஊற்றினால் பாதி மண்ணுக்குப் போகும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பொட்டலத்தை டம்ளரில் கொட்டிக் கலக்குவது பெரிய தவறு. உப்பு அதிகமாகி நீரிழப்பு கூடும். ஒரு லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கலந்து, மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும், பகலிலும்தான். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமை தொங்கி, பேச்சுக் குழறினால் ஓமத்திரவம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அறுக்காமல், இறுக்கிக் கட்டாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள். காலணியைக் காலையில் தட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு டார்ச், கழுத்தில் ஒரு விசில். வழி தவறினால் நடக்காமல் அதே மரத்தடியில் நின்று மூன்று முறை ஊத வேண்டும். இதையும் மாடியிலேயே விளையாட்டாகப் பழக்கலாம்.

இடம் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இரவு தங்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் மலைச்சரிவே வேண்டாம். ஓடைக்கரையில் டென்ட் போடாதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தென்னை மரத்தடியும் கூடாது. பழவேற்காடு நமக்குப் பக்கம், பூநாரை பார்க்கப் பகலில் கூட்டிப்போகலாம். முகத்துவாரத்து இழுப்பு தெரியாமல் அங்கே பிள்ளைகளோடு மணலில் தங்குவது சரியில்லை. தனியார் முகாம் என்றால் முன்பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள்: கழிவறை டென்ட்டிலிருந்து எத்தனை அடி, அந்த வழியில் விளக்கு உண்டா, வண்டி பக்கத்தில் வருமா, பாம்புக்கடி மருந்து உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம். பதில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள். டிசம்பரில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும், மூன்று மணிக்குள் போய்ச் சேருவது போல வீட்டை விட்டுக் கிளம்புங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிள்ளைகளுக்குப் பால் வேண்டாம், போனும் வேண்டாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மாடி, மாடி என்று இவ்வளவு சொன்னேன். வடசென்னையில் வாடகைக்கு இருக்கிற பலருக்கு மாடிச் சாவி கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மாடிக் கதவு பூட்டியே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒத்திகை பார்க்க இடம் இல்லை. மாதவரம் தாவரவியல் பூங்காவிலோ, கழிவறையும் காவலரும் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றிலோ, பொங்கலை ஒட்டி ஒரே ஒரு சனிக்கிழமை இரவு குடும்பங்கள் டென்ட் போட்டுத் தங்க அனுமதிக்கலாம். முன்பதிவு செய்த இருபது குடும்பம், டென்ட்டுக்கு டென்ட் பத்தடி இடைவெளி, தீ மூட்டத் தடை, ஒரு குடிநீர்த் தொட்டி, இரவு முழுக்க கழிவறை விளக்கு. இதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. பூங்காவைப் பராமரிக்கும் அதிகாரிகள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
வியாசர்பாடி, சென்னை