கோல்ஃப் பாலை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த டைப்ரைட்டர் கட்டுரையைப் படித்தேன். பழைய ரெமிங்டன் மெஷினைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே கம்ப்யூட்டர் வந்தது, டைப்ரைட்டர் போனது என்று முடித்துவிட்டார்கள். நடுவில் அரை நூற்றாண்டு ஓடிய மின்சார டைப்ரைட்டருக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1902-லேயே பிளிக்கன்ஸ்டர்ஃபர் கம்பெனி ஒரு மின்சார மெஷினைக் கொண்டுவந்தது, எடுபடவில்லை. 1933-ல் எலக்ட்ரோமேட்டிக் டைப்ரைட்டர் கம்பெனியை ஐபிஎம் வாங்கிய பிறகுதான் இது ஆபீஸ்களுக்குள் நுழைந்தது. ஆனால் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது அதே ஐபிஎம் 1961 ஜூலையில் வெளியிட்ட செலக்ட்ரிக்.

சென்னையில் ஓர் ஏற்றுமதி ஆபீஸில் அதில்தான் வேலை பார்த்தேன். கோல்ஃப் பால் மெஷின் என்போம். பழைய மெஷினைப் போல எழுந்து வந்து காகிதத்தில் அடிக்கும் எழுத்துக் கம்பிகளே கிடையாது. ஓர் உருண்டை, அதைச் சுற்றி 4 வரிசை, வரிசைக்கு 22 என்று 88 எழுத்துகள். நாம் விசையைத் தொட்டதும் அது திரும்பி, சாய்ந்து, சரியான எழுத்தைக் காகிதத்தில் அடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும், ஷிப்டை அழுத்தினால் அரை வட்டம் திரும்பிக்கொள்ளும். இதற்கு உள்ளே சிப்பும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு மோட்டார், மீதியெல்லாம் நெம்புகோலும் உலோகப் பட்டையும்தான்! காகிதத்தைப் பிடித்திருக்கும் கேரியேஜ் நகராது, உருண்டைதான் நகரும். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஓங்கி அடித்துப் பழகிய எனக்கு, வரி முடிந்ததும் இல்லாத நெம்புகோலைத் தேடி இடது கை தானாக மேலே போவது நிற்க ஒரு வாரம் ஆனது. எழுத்தின் வடிவம் மாற வேண்டுமா, உருண்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் சரி. 1973-ல் வந்த மாடலில் பிழையை உரித்தெடுக்கத் தனி விசையே வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964-ல் இதே மெஷினைக் காந்த நாடாவோடு இணைத்து, அடித்ததைச் சேமித்துத் திருத்தி மறுபடி அடிக்கவைத்தார்கள். கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பவும் பெறவும் பயன்பட்ட ஐபிஎம் 2741 என்ற டெர்மினலே செலக்ட்ரிக்கை வைத்துச் செய்ததுதான். அப்படியிருக்க, கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டரைத் துரத்தியது என்று ஒரே வரியில் எழுதுவது எப்படிச் சரியாகும்?

அடுத்த வாரமாவது இதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். அந்த உருண்டையின் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், 4 வரிசை எழுத்தும் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஸ்டெனோ, சென்னை