காந்தாரத்துக்கு ஒரு மன்னிப்பு

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் முதுகைத் தவிர. அம்மா உன்னை விசாரித்தாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்: உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். சிரிக்காமல் படி.

போன மாதம் என் டிஜிட்டல் பியானோவுக்கு என்னவோ ஆகிவிட்டது. சி மேஜர் வாசித்தால் தேன். ஏ ஃபிளாட் மேஜர் வாசித்தால் பல் கூசியது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டி, பழுது பார்ப்பவரைக் கூப்பிடவே போனேன். கடைசியில் எல்லாம் குட்டிப் பேயின் வேலை! விடுமுறைக்கு வந்தவள் மெனுவை நோண்டி டெம்பரமென்ட்டை, அதாவது பன்னிரண்டு சுரத்துக்கும் இடைவெளி பங்கிடும் முறையை, 'மீன்டோன்' என்று மாற்றியிருக்கிறாள். சில சுருதிகளை இனிக்க வைத்து மற்றதைக் கசக்கவிடும் பழைய முறை அது. அணைத்துப் போட்டால் பழையபடி ஆகியிருக்கும். மகராசி அதைச் சேமித்தும் வைத்துவிட்டாள்.

சரிசெய்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எல்லா இடைவெளியும் சமமாக இருக்கும் வழக்கமான சம டெம்பரமென்ட்டில் சியையும் ஈயையும் சேர்த்து அழுத்திக் காது கொடுத்தேன். நடு சியில் விநாடிக்குப் பத்துத் தடவை ஒரு படபடப்பு. இத்தனை வருஷம் அதைத்தான் நான் பியானோவின் நாதம் என்று நினைத்திருக்கிறேன். ஒரே ஒரு ஆதார சுருதிக்குச் சுரங்களைப் பிசிறில்லாமல் சேர்க்கும் 'சுத்த மேஜர்' என்று மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை யாரோ அணைத்த மாதிரி படபடப்பு நின்றது.

கணக்கு இதுதான். அரை சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு செண்ட். சம டெம்பரமென்ட்டில் பஞ்சமம் 700 செண்ட், சுத்தமானது 702. யாருக்கும் வலிக்காது. ஆனால் அந்தர காந்தாரம், அதாவது சிக்கு ஈ, 400, சுத்தமானது 386. பதினான்கு செண்ட் தூக்கல். பன்னிரண்டு சுருதிக்கும் சமநீதி வழங்க, காந்தாரத்தின் தலையில் கைவைத்திருக்கிறார்கள்.

இப்போது புரிகிறதா, இறங்குமுகமே? மாடி அறையில் நீ வயலினில் காந்தாரம் பிடிக்கும்போதெல்லாம் 'இறங்குது, இறங்குது' என்று ஈ கட்டையை நான் இடிப்பேனே, நீ இறங்கவில்லையடா. நான்தான் ஏறி நின்றிருக்கிறேன். 'அவன் சரியாத்தான் வாசிக்கிறான், நீ கேளு' என்று வாத்தியார் ஒருநாள் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் நீ வயலினைப் பெட்டிக்குள் வைத்தாய். வேலை, நேரமில்லை என்று காரணம் சொன்னாய். அதை நம்பத்தான் எனக்கும் வசதியாக இருந்தது.

இதற்காகச் சுத்த மேஜரைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியவில்லை. ஆதார சுருதி சி என்று வைத்துவிட்டு டியையும் ஏயையும் சேர்த்துப் பிடித்துப் பார், பஞ்சமம் 22 செண்ட் குறைந்து ஊளையிடும். பாட்டு நடுவில் சுருதி மாறினால் ஆதாரத்தையும் மாற்ற வேண்டும். இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது மெனுவை மூக்கால் அழுத்துவதா?

ஆகவே இப்போது வெர்க்மைஸ்டர் என்ற ஜெர்மன்காரரிடம் அடைக்கலம். டெம்பரமென்ட் பற்றி 1691இல் புத்தகமாகவே போட்ட மனுஷன். அவருடைய மூன்றாம் முறையில் சி மேஜரின் காந்தாரம் 390, எஃப் ஷார்ப்பில் 408. எல்லாச் சுருதியும் வாசிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம். ஒரே பாட்டை அரை சுரம் தள்ளி வாசித்தால் வேறு ஆள் வாசிப்பது போல இருக்கிறது. ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இதே வேலை. வீட்டில் முறைக்கிறார்கள்.

அடுத்த மாதம் வருகிறாயல்லவா, பெட்டியை எடுத்து வா. தந்தி துருப்பிடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். நீ ஏ சுரத்தை 442 ஹெர்ட்ஸுக்குத்தான் சேர்ப்பாய் என்பது நினைவிருக்கிறது. என்னுடையது 440இல் இருக்கிறது, எட்டு செண்ட் ஏற்ற வேண்டும். அதை நானே செய்துகொள்கிறேன். நீ ஏ கொடு, இந்த முறை நான் சேர்கிறேன்.

உன்,
ஏறுமுகம்