ஸ்பின்லொக் கையேட்டைத் திருத்துங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஓஎஸ் (இயங்குதளம்) செயன்முறையில் வரும் ஸ்பின்லொக் பயிற்சியைப் பற்றி, அதாவது ஒருவர் விடும்வரை மற்றவர் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டைப் பற்றி, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கையேட்டை எழுதியவர்களே நீங்கள்தான். அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பிலேயே வேலை செய்கிறவன் நான். வாகரையிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கும் ஒரு பிள்ளையின் அறிக்கை அண்மையில் என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

பூட்டை எடுக்கும் இன்லைன் அசெம்பிளியின் (சி நிரலுக்குள் நேரடியாக எழுதும் செயலிக் கட்டளையின்) கடைசியில் அவர் மெமரி க்ளோபரைச் சேர்த்திருந்தார். நினைவக வாசிப்பையும் எழுதுதலையும் இந்த வரியைத் தாண்டி நகர்த்தாதே என்று கொம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு அது. பூட்டை விடும் இடத்தில், பூச்சியத்தை எழுதுவதற்கு முன், அதே க்ளோபருடன் வெற்று அசெம்பிளி வரியொன்றும் போட்டிருந்தார். இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்டி, "கையேட்டில் இல்லை, தேவையற்றது" என்று எழுதிப் புள்ளியைக் குறைத்திருக்கிறார்கள்.

தேவையற்றதல்ல. கையேட்டில் உள்ளபடியே எழுதி, ஜிசிசி என்ற சி கொம்பைலரில் ஓ2 (நிரலை வேகப்படுத்தும் நிலை) கொடுத்துக் கொம்பைல் செய்தால் வரும் அசெம்பிளியை அந்தப் பிள்ளை அச்செடுத்து அறிக்கையோடு இணைத்திருக்கிறார். பூட்டுக் காக்க வேண்டிய கவுன்டர் (எண்ணிக்கை) செயலியின் ரெஜிஸ்டருக்குள் வருகிறது. அடுத்த வரியிலேயே பூட்டுக்குப் பூச்சியம், அதாவது பூட்டு விடப்படுகிறது. அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கூட்டிக் கவுன்டரைத் திரும்ப எழுதுகிறது. இடையில் செயலியின் இன்னொரு கோர் (கருவகம்) பூட்டை எடுத்துப் பழைய எண்ணை வாசித்தால் ஒரு கூட்டல் காணாமற் போகும். அந்தத் தாளை யாராவது புரட்டிப் பார்த்தீர்களா?

கொம்பைலரில் பிழையில்லை. பூட்டுக்கும் கவுன்டருக்கும் தொடர்பிருக்கிறது என்று அதற்கு நாம் சொல்லவே இல்லையே! அசெம்பிளி வரிக்கு வொலட்டைல் என்ற சொல்லைப் போட்டால் போதும் என்கிறது கையேடு. வொலட்டைல் அந்த அசெம்பிளி வரி நீக்கப்படாமல் காக்கும். பக்கத்திலுள்ள சாதாரண நினைவக வாசிப்பும் எழுதுதலும் அதைத் தாண்டிப் போவதைத் தடுக்காது. ஆய்வுகூடத்தில் இது பிடிபடாததற்குக் காரணம், அங்கே வேகப்படுத்தல் இல்லாத ஓ0வில், ஒரே கோர் கொடுத்த க்யூஎமு என்ற போலிக் கணினியில் ஓட்டுகிறோம். வழமையான பீசிகளில் உள்ள எக்ஸ்86 செயலியில் அந்தக் க்ளோபர் போதும், ஏனென்றால் அந்தச் செயலி நினைவகத்தில் எழுதும் வரிசையை மாற்றாது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் ஆர்ம் செயலி மாற்றும். அங்கே முந்தைய வேலை முடிந்த பிறகே பூட்டை விடும் ரிலீஸ் வகை எழுதுதலோ, வரிசையைக் காக்கும் தடுப்புக் கட்டளையோ வேண்டும். 2011 முதல் சி மொழியிலேயே இதற்கான அட்டோமிக் (இடையில் குறுக்கிட முடியாத செயல்) வசதி இருக்கிறது. அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே கையேட்டைத் திருத்துங்கள் என்று கேட்கிறேன்.

கையேட்டைப் பார்த்து எழுதினால் புள்ளி, தானாகச் சோதித்துக் கண்டுபிடித்தால் வெட்டு என்றால் எங்கள் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போய் இதே கேள்விக்கு முழிக்கும்போது, கிழக்கு மாகாணப் பிள்ளைகளுக்கு அடிப்படை போதாது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. குறை பிள்ளைகளிடம் இல்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம்தான் நான் சி கற்றேன்; அந்த மரியாதை மாறவில்லை. அடுத்த பிரிவுக்கு அச்சிடுமுன் கையேட்டைத் தயவுசெய்து திருத்துங்கள். செயன்முறையை ஓ2விலும், இரண்டு கோருக்குக் குறையாமலும் ஓட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் அறிக்கையை மீள்திருத்தத்துக்கு எடுத்து, வெட்டிய புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். திருத்தும் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் சனி, ஞாயிறுகளில் வந்து உதவத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்,
மட்டக்களப்பு